பேனிங்: வேகத்தைக் காட்டும் உத்தியும் அதன் எல்லைகளும்

நகரும் பொருளின் போக்கிலேயே கேமராவையும் திருப்பிக்கொண்டே, குறைந்த ஷட்டர் வேகத்தில் படமெடுக்கும் முறை பேனிங். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் பொருளின் பிம்பம் சென்சாரில் ஒரே இடத்தில் நிற்பதால் அது தெளிவாகப் பதிகிறது. அசையாத பின்னணியோ கோடுகளாக இழுபடுகிறது. வாகனப் பந்தயம், சைக்கிள் போட்டி, பறவைகள் ஆகியவற்றைப் படமெடுப்போர் இதை அதிகம் கையாள்கின்றனர்.

இம்முறையின் முதல் வலிமை, அசைவை அசைவாகவே காட்டுவது. 1/1000 வினாடியில் எடுத்த பந்தய பைக்கின் சக்கரக் கம்பிகள் உறைந்துபோய், ஓடும் வண்டி நிறுத்திவைத்ததுபோல் தோன்றும். 1/60 வினாடியில் சக்கரம் சுழல்கிறது, சாலை ஓடுகிறது. இரண்டாவது வலிமை, விளம்பரப் பலகைகளும் கூட்டமும் நிறைந்த பின்னணியைக் கரைத்துப் பொருளைத் தனித்துக் காட்டுவது. இதற்கு விலையுயர்ந்த லென்ஸ் தேவையில்லை.

கற்பிக்கும் முறையில்தான் முதல் குறை தென்படுகிறது. சைக்கிளுக்கு 1/30, காருக்கு 1/125 என்ற பட்டியலோடு பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கோடுகளின் நீளத்தைத் தீர்மானிப்பது வண்டியின் வேகம் மட்டுமன்று; தொலைவும் குவியத்தூரமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், 10 மீட்டர் தொலைவில் குறுக்கே செல்லும் சைக்கிளைத் தொடர, கேமரா வினாடிக்கு ஏறத்தாழ 57 பாகை திரும்ப வேண்டும். 100 மில்லிமீட்டர் லென்ஸில் 1/30 வினாடிக்குள் பின்னணி சென்சாரில் 3.3 மில்லிமீட்டர் நகரும். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள முழுச்சட்டகத்தில் இது 11இல் ஒரு பங்கு. தொலைவு இருமடங்கானால் இழுவை பாதியாகும். இந்தக் கணக்கு புரிந்தவருக்குப் பட்டியல் தேவைப்படாது.

பயிற்சியில் உடலின் பங்கு பெரிது. படம் எடுக்கவிருக்கும் திசையை நோக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பிலிருந்து திரும்பி, பொருள் வருமுன்பே தொடரத் தொடங்கி, ஷட்டர் மூடிய பின்னும் திருப்பத்தை நிறுத்தாமல் இருக்க வேண்டும். லென்ஸின் அதிர்வுத் தடுப்பில் பேனிங்குக்கான நிலை இருந்தால் அதையே தேர்வது நல்லது. அது மேல்கீழ் நடுக்கத்தை மட்டும் திருத்தி, பக்கவாட்டுத் திருப்பத்தை விட்டுவிடும்.

பிழையின் காரணத்தைப் படமே சொல்லிவிடுவது கற்பவருக்குக் கிடைக்கும் பெரிய துணை. மேல்கீழாக மங்கினால் கை ஆடியிருக்கிறது. பக்கவாட்டில் மங்கினால் திருப்பமும் பொருளின் வேகமும் ஒத்துப்போகவில்லை. நெருக்கத்தில் எடுத்த காரின் நடுப்பகுதி தெளிந்து, முன்னும் பின்னும் மங்கினால் அது கைப்பிழையன்று. அந்தப் பகுதிகளின் கோண வேகம் வேறுபடுவதால் அப்படி நேர்கிறது. தள்ளி நின்று எடுத்தால் குறையும்.

எல்லைகளும் தெளிவானவை. பேனிங் குறுக்கே செல்லும் பொருளுக்கே முழுமையாகப் பயன்படும். நேரெதிரே வருவதற்கு உதவாது. ஓட்டக்காரரின் கைகால்களும் பறவையின் சிறகுகளும் உடலோடு ஒரே சீராக நகராததால் மங்கியே தீரும். நண்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 100இல் 1/30 வினாடிக்கு எஃப்/32 அளவு துளை தேவைப்படும். பல லென்ஸ்கள் எஃப்/22ஐத் தாண்டுவதில்லை. அவ்வளவு சிறிய துளையில் கூர்மையும் குறையும். ஒளியை எட்டில் ஒரு பங்காக்கும் என்டி ஃபில்டர் எஃப்/11இலேயே எடுக்க வழிசெய்யும். தவறும் படங்கள் மிகுதி என்பதால், மீண்டும் நிகழாத தருணத்தை இம்முறையிடம் மட்டும் ஒப்படைப்பது செய்தி ஒளிப்படத்துக்குப் பொருந்தாது. பின்னணி அழிவதால் நிகழ்விடத்தின் சான்றும் அழிகிறது.

இன்னொரு குறை, வேகத்தை மிகைப்படுத்துவது. மெதுவாக மிதிக்கும் சைக்கிள்கூட 1/8 வினாடியில் சீறிப் பாய்வதாகத் தோன்றும். ஆகவே கோடுகளின் நீளம் உண்மையான வேகத்துக்கு அளவுகோல் ஆகாது.

தெளிவு மட்டுமே வெற்றியின் அளவுகோலா என்ற கேள்விக்கு, ஒளிப்படக்காரர் ழாக் ஆன்றி லார்த்திக் 1910களின் தொடக்கத்தில் பிரான்சின் கிராண்ட் பிரீ பந்தயத்தில் எடுத்த படம் விடை தருகிறது. அதில் காரின் சக்கரம் முன்னோக்கிச் சாய்ந்த நீள்வட்டமாகவும், பார்வையாளர்கள் எதிர்த்திசையில் சாய்ந்தும் தெரிகின்றனர். ஷட்டரின் பிளவு படத்தை மேல்கீழாகப் பகுதி பகுதியாகப் பதிவுசெய்ததும், கேமரா காரைவிட மெதுவாகத் திரும்பியதும் இதற்குக் காரணம். பாடநூல் அளவுகோலில் இது தவறிய பேனிங். ஆனால் வேகத்தின் மிகப் புகழ்பெற்ற படங்களுள் ஒன்று. அதேபோல், ஒளிப்படக்காரர் எர்ன்ஸ்ட் ஹாஸ் 1956இல் ஸ்பெயினின் பம்ப்லோனாவில் எடுத்த காளைப்போர்ப் படங்களில் மனிதனும் விலங்கும் வண்ணமாகவே கரைகின்றனர்.

அசைவே சொல்லவேண்டிய பொருளாக இருக்கும்போது பேனிங்குக்கு ஈடான எளிய கருவி வேறில்லை. முகமோ இடமோ தருணமோ முதன்மையானால் உயர் ஷட்டர் வேகமே தக்கது. இந்தத் தேர்வைச் செய்யக் கற்பதும் கேமராவைத் திருப்பக் கற்பதும் ஒரே பயிற்சியின் இரு பகுதிகள்.