‘சுடுகாட்டுப் பொன்’ சிறுகதையில் கற்றலும் குற்றமும்: நடத்தையியல் நோக்கு

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப், தமிழரும் மராத்தியரும் அடுத்தடுத்து வாழும் உழைப்பாளர் குடியிருப்பாகும். பள்ளிக்கல்வி வாய்க்காத அண்ணாபாவ் சாத்தே (1920–1969) பொதுவுடைமை இயக்கத்திற்கும் எழுத்துக்கும் வந்து சேர்ந்தது இங்கேதான். இவர் பிறந்த மாங் சமூகம் குற்றப்பரம்பரைச் சட்டத்தால் ஒடுக்கப்பட்டது. குற்றம் பிறப்பால் வருவது என்பது 1871ஆம் ஆண்டின் அச்சட்டத்திற்கு அடிப்படை; நடத்தை கற்கப்படுவது என்பது நடத்தையியலுக்கு அடிப்படை. சாத்தேயின் ‘ஸ்மஷானாதீல் சோன’ (சுடுகாட்டுப் பொன்) என்னும் மராத்திச் சிறுகதை இவ்விரண்டில் எதன் பக்கம் நிற்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதைத்தலைவன் பீமா, வாரணா ஆற்றங்கரைச் சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்து புறநகர்க் கல்குவாரியில் உழைப்பவன். குவாரி மூடப்படுகிறது. வேலையிழந்து திரும்பும் வழியில், பிணம் எரித்த சாம்பலில் ஒரு பொன் மோதிரத்தைக் காண்கிறான். அன்றுமுதல் சாம்பலைச் சலிக்கிறான். பின்னர்ப் புதைகுழிகளையும் தோண்டுகிறான்.

ஒரு செயலின் விளைவே அச்செயல் மீண்டும் நிகழ்வதைத் தீர்மானிக்கிறது என்பது ஸ்கின்னர் 1938இல் விரித்துரைத்த செயல்படு ஆக்கநிலையிறுத்தக் கொள்கையாகும். கூலி நின்றதும் குவாரிக்குச் செல்லும் நடத்தை மறைகிறது. தற்செயலாகக் கிடைத்த மோதிரம் புதிய நடத்தைக்கு வலுவூட்டியாகிறது. எல்லாச் சாம்பலிலும் பொன் இருப்பதில்லை. எப்போது கிடைக்கும் என்பதும் தெரியாது. இவ்வாறு மாறுவீத முறையில் வலுவூட்டப்பெறும் நடத்தை எளிதில் மறையாது. சூதாடுவோனின் விடாப்பிடியை விளக்கும் இவ்விதியே பீமாவின் இரவுப் பயணங்களையும் விளக்குகிறது எனலாம்.

ஆயினும் இவ்விளக்கத்திற்கு ஓர் எல்லை உண்டு. ஆய்வுக்கூண்டில் எலியைப் பசிக்க வைப்பவர் ஆய்வாளர். எலி அதற்குக் காரணம் கேட்பதில்லை. பீமாவோ சிந்திக்கிறான். சுடுகாட்டுப் பேய்களை எண்ணி அஞ்சும் மனைவியிடம், உண்மையான பேய்கள் நகரத்து வீடுகளில்தான் வாழ்கின்றன என்கிறான். கற்ற அச்சத்தைச் சொல்லால் மறுக்கும் இந்த இடத்தைத் தூண்டல்–துலங்கல் வாய்பாடு முழுமையாக விளக்கவில்லை.

கதையின் முடிவு மேலும் கூர்மையானது. பிணத்தின் வாயில் பொன் தேடும்போது பீமாவின் விரல்கள் அதன் தாடைக்குள் சிக்கிச் சிதைகின்றன. மருத்துவர் விரல்களை வெட்டியெடுக்கிறார். அன்றே குவாரி மீண்டும் திறக்கப்பட்ட செய்தி வருகிறது. பீமா குழந்தையைப்போல் அழுகிறான். தண்டனை, கற்ற நடத்தையை நிறுத்தும் என்பர். இங்குத் தண்டனை பழைய உழைப்புக்கு வேண்டிய கையையும் பறித்துவிடுகிறது. திருந்துவதற்கான வழி, திருந்த வேண்டிய நேரத்தில் அடைபடுகிறது.

பீமாவின் செயலைச் சாத்தே நியாயப்படுத்தவில்லை. அது கற்கப்பட்ட முறையைக் காட்டுகிறார். நேற்றுவரை கல்லுடைத்தவன் இன்று பிணம் தோண்டுவதற்குப் பிறப்பு காரணமாக இயலாது. சட்டம் 1952இல் நீக்கப்பட்டது. பிறப்பைக் கொண்டு குற்றத்தை அளக்கும் மனப்பழக்கமும் கற்கப்பட்டதே. 1920இல் பெருங்காமநல்லூரில் அதே சட்டத்திற்கு எதிராக நின்று உயிரிழந்தோரை நினைவில் வைத்திருக்கும் தமிழ்ச் சூழலுக்கு, இம்மராத்திக் கதை அயலானதன்று.