கிளிப்பு போனால் போகட்டும், டோர் பேடு போகக் கூடாது

கார்க் கதவு, பம்பர், டாஷ்போர்டு இவற்றைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கழற்றவென்றே நைலான் நெம்புகோல் செட்டு ஒன்று விற்கிறது. ஆரஞ்சு அல்லது நீல நிறத்தில் ஐந்து துண்டுகள், விலை சில நூறு ரூபாய். மதுரை மெக்கானிக் ஷாப்புகளில் இதை அதிகம் பார்க்க முடியாது. தட்டைத் திருப்புளிதான் எல்லா வேலைக்கும். இந்தச் செட்டையும், திருப்புளியையும், வீட்டில் கிடைக்கும் சில்லறைச் சாமான்களையும் பழைய மாருதி வண்டிகளில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கதவுக்குச் செட்டு வேண்டும். பம்பருக்கு வேண்டாம். சர்க்கிளிப்புக்கு வேறொன்று கட்டாயம் வேண்டும்.

டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனத்தின் ஊர் இது. வண்டியைப் பிரித்து மாட்டுவது இங்கே தலைமுறைப் பழக்கம். அதே குடும்பத்தார் 1960களில் சென்னைப் பாடியில் தொடங்கிய சுந்தரம் ஃபாசனர்ஸ் போல்ட்டு, நட்டு செய்து பேர் வாங்கியது. போல்ட்டுக்கு அளவு உண்டு, அளவுக்கு ஸ்பேனர் உண்டு. கிளிப்பைப் பிடிக்கவோ தலையே வெளியில் தெரியாது. தொழிற்சாலையில் ஒரே அழுத்தில் உட்கார வேண்டும், எடை குறைய வேண்டும், துருப்பிடிக்கக் கூடாது என்றெல்லாம் யோசித்தவர்கள் பின்னால் கழற்றப் போகிறவனைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை.

கதவில் கிளிப்பின் தண்டு தகரத் துளைக்குள் செருகியிருக்கும். தலை டோர் பேடின் பின்னால் உள்ள பிளாஸ்டிக் கூட்டில் மாட்டியிருக்கும். திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பினால் மொத்த பலமும் ஒரே முனையில் இறங்குகிறது. பெயிண்ட் பெயர்ந்தால் ஐப்பசி மழையில் அங்கிருந்தே துரு கிளம்பும். அதைவிட மோசம், கிளிப்பு அசையாமல் நிற்க, கூடு பிய்ந்து வருவது. கிளிப்பு சில ரூபாய்ச் சமாசாரம். கூடு உடைந்தால் டோர் பேடையே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பசை போட்டு ஒட்டிவிட்டு, ரோட்டுப் பள்ளத்துக்குப் பள்ளம் அது கடகடப்பதைக் கேட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும். செட்டில் உள்ள கவட்டை வடிவ நெம்புகோல் தண்டின் இரு பக்கமும் நுழைந்து கிளிப்பை நேராக வெளியே தள்ளுகிறது. கொடுத்த காசு இந்த ஒரு துண்டுக்கே சரியாகிவிடும். குறை என்றால், முனை சீக்கிரம் மழுங்குகிறது; நெருக்கமான இடுக்குக்குத் தடிமனும் அதிகம்.

செட்டு இல்லையா? கைப்பிடிக்குப் பின்னாலும் ஆர்ம்ரெஸ்ட்டுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களை முதலில் எடுத்துவிடுங்கள். பழைய ஏடிஎம் கார்டால் இடுக்கைத் திறந்து, கிளிப்புக்கு மிக அருகில் விரல் கொடுத்து நேராக இழுங்கள். வெயிலில் கொஞ்ச நேரம் நின்ற வண்டியில் பிளாஸ்டிக் இளகிக் கொடுக்கும். மார்கழிக் காலையில் அதே கதவு முரண்டு பிடிக்கும். ஆனால் வருஷக்கணக்காக மதுரை வெயிலில் காய்ந்த நைலான் நொறுங்கும் நிலையில்தான் இருக்கும், எந்தக் கருவி போட்டாலும் சில கிளிப்புகள் உடையும். வேலை தொடங்குமுன் கையில் நாலைந்து புதுசு இருக்கட்டும்.

கருவியே தேவைப்படாத இடமும் உண்டு. 1983 முதல் 2014 வரை வந்த மாருதி 800இல் கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடியை, அதன் பின்னால் ஒளிந்திருக்கும் லாட வடிவக் கம்பி கிளிப்பு பிடித்திருக்கும். இதற்கென்று தனிக் கருவி இருப்பதைச் சொன்னபோது ஒரு மெக்கானிக் சிரித்தார்: “டூல் எதுக்குண்ணே, பழைய துணி போதும்ல.” நிஜம்தான். துணிப் பட்டையைக் கைப்பிடிக்கும் கதவுக்கும் நடுவே நுழைத்து, குளித்துவிட்டு முதுகு துடைக்கிற மாதிரி இப்படியும் அப்படியும் இழுத்தால், கம்பியின் முனை துணியில் சிக்கி வெளியே வந்துவிடும். தெறித்து ஓடும், இன்னொரு கையை வைத்து மறித்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது கிளிப்பை முதலில் கைப்பிடியில் செருகி, உள்ளங்கையால் ஓர் அழுத்து. டக்கென்று உட்காரும்.

பம்பர், சக்கரத்துக்கு மேலுள்ள லைனர் இவற்றின் புஷ் கிளிப்புகளுக்குச் சின்னத் திருப்புளி போதும். எந்த வகை என்று பார்ப்பதில்தான் விஷயம். நடு ஊசியின் ஓரத்தில் பள்ளம் இருந்தால் அதை நெம்பித் தூக்க வேண்டும். நடுவில் சின்னக் குழி மட்டும் இருந்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே அழுத்த வேண்டும். கூட்டல் குறி இருந்தால் திருப்பிக்கொண்டே தூக்க வேண்டும். மாற்றிச் செய்தால் உடையும். திருமங்கலம் பக்கம் கரிசல் காட்டு ரோட்டில் ஓடிய வண்டி என்றால் இறுகிய மண்ணைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் தண்ணீராலும் கழுவாமல் ஊசி அசையாது.

சர்க்கிளிப்பு என்பது உருக்கு ரிங். பல முன்சக்கர இயக்கக் கார்களில் வீல் பேரிங் நகராமல் பிடித்திருப்பது அதுதான். மூக்குக் குறட்டின் முனையைத் தேய்த்துக் கூராக்கி அதற்குப் பயன்படுத்துகிறார்கள். கிரைண்டர் சூட்டில் முனையின் பதம் போய்விடும், அழுத்தும்போது வழுக்கும். ஆணி, சுத்தியல் போட்டால் ரிங் வளையும், அல்லது முகத்தை நோக்கிப் பறக்கும். வளைந்ததை மறுபடி மாட்டுவது ஓடும் சக்கரத்தோடு விளையாடுவது. துளைக்குள் இருக்கும் ரிங்கைச் சுருக்க ஒரு பிளேயர், தண்டின் மேல் இருப்பதை விரிக்க இன்னொன்று என இரண்டு வகை உண்டு. டபாரியா போன்ற இந்தியத் தயாரிப்புகளே தாராளம். கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை பாருங்கள்.

கண்ணாடித் தூண்களை மூடியிருக்கும் பலகைக்குப் பின்னால் ஏர்பேக் உள்ள வண்டி என்றால் அங்கே துணியும் வேண்டாம், செட்டும் வேண்டாம். விவரம் தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடுங்கள்.

மொத்தத்தில், காசு ஒன்றுக்குத்தான் என்றால் சர்க்கிளிப் பிளேயர் முதலில், நைலான் செட்டு அப்புறம். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகும்போது கழற்றிய பழைய கிளிப்பு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கும் கிளிப்புகளில் தண்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் துளையில் நிற்காது.