பேசாமல் இருந்தே பேர் வாங்கியவர்

நம் ரசிகனுக்கு நடிப்பு என்றால் முதலில் வசனம். 'பராசக்தி' நீதிமன்றக் காட்சி பழக்கிவிட்ட காது அது. அந்தக் காதோடு லண்டனில் குடியேறிய நம்மவர்களை உட்காரவைத்து, 1979இல் பிபிசி ஒளிபரப்பிய 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' தொடரைப் போட்டுக் காட்டினால், முதல் பாகம் முடிவதற்குள் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். மொத்தம் ஏழு பாகம். உளவுக் கதைதான், ஆனால் துரத்தல் இல்லை, துப்பாக்கிச் சத்தமும் அபூர்வம். வேலை போன, மனைவியும் விட்டுப்போன, தடித்த கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி, பெயர் ஜார்ஜ் ஸ்மைலி, ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து அவர்கள் சொல்வதைக் கேட்கிறார். அலெக் கின்னஸ் அந்த வேடத்தில் செய்வதெல்லாம் பெரும்பாலும் அவ்வளவுதான். எனக்கு அது அலுத்ததே இல்லை.

முதல் பாகத்திலேயே மார்ட்டின்டேல் என்றொரு வாயாடி ஸ்மைலியைப் பிடித்து வைத்துக்கொண்டு வம்பளக்கிறான். பழைய அலுவலகத்தைப் பற்றித் துருவுகிறான், மனைவியின் பேச்சையும் இழுக்கிறான். கோபப்பட இடம் இருக்கிறது. வேறு நடிகராக இருந்தால் தாடையை இறுக்கியாவது காட்டுவார். கின்னஸ் முகத்தில் மரியாதை ஒரு நூல்கூடக் குறைவதில்லை. அந்த மரியாதைதான் கோபம் என்று நமக்குப் புரிய வைத்துவிடுகிறார்.

ஸ்மைலி ஓயாமல் பேசும் இடம் ஒன்றும் உண்டு. டெல்லிச் சிறையில் சோவியத் உளவாளி கார்லாவை மடக்கப் பார்க்கும் பழைய நினைவு. எதிரே உட்கார்ந்திருப்பவர் பேட்ரிக் ஸ்டூவர்ட், பிற்காலத்தில் 'ஸ்டார் ட்ரெக்' கேப்டனாகப் புகழ்பெற்றவர். அவருக்கு ஒரு வார்த்தை வசனம் கிடையாது. ஸ்மைலி பேசப் பேசத் தன்னையே திறந்து காட்டிவிடுகிறார். தொடர் முழுக்க வாயை மூடி ஜெயிப்பவர், பேசிய ஒரே இடத்தில் தோற்கிறார்.

இந்தத் தொடர் ஒளிபரப்பானபோது கின்னஸுக்கு 65 வயது. வேடத்துக்குத் தயாராகும்போது நிஜ உளவாளி ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றார். நாவலாசிரியர் ஜான் லெ காரே, பிரிட்டிஷ் உளவுத்துறையின் முன்னாள் தலைவர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்டுடன் ஒரு மதிய விருந்துக்கு ஏற்பாடு செய்தார். கின்னஸ் கவனித்தது அவர் சொன்ன ரகசியங்களை அல்ல. சட்டைக் கை பித்தானை, குடையை ஆட்டிக்கொண்டு தெருவில் போன விதத்தை. நமக்கு இது புதிதில்லை. 'திருவருட்செல்வர்' அப்பருக்கு சிவாஜி காஞ்சிப் பெரியவரைப் பார்த்துத்தானே உடம்பைப் படித்தார். 'திருவிளையாடல்' மீனவனின் நடையை நினைத்துப் பாருங்கள். 'நவராத்திரி'யில் சிவாஜிக்கு ஒன்பது வேடம். 1949இல் வந்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்' படத்தில் கின்னஸுக்கு எட்டு. ஒருவர் பார்த்ததைப் பெருக்கிக் காட்டினார், மற்றவர் சுருக்கிக் காட்டினார். கொள்முதல் செய்த சந்தை ஒன்றுதான்.

கின்னஸும் நடையிலிருந்தே ஆளைப் பிடிப்பவர். இளவயதில் தெருவில் முன்பின் தெரியாதவர்களின் பின்னால் போய் அவர்கள் நடப்பது போலவே நடந்து பார்ப்பாராம். இலங்கையில் கித்துல்கலவில் எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தில், தகரக் கொட்டடியில் அடைபட்டுக் கிடந்த கர்னலாக அவர் வெளியே வந்து தள்ளாடி நடப்பார். போலியோவிலிருந்து மீண்டுகொண்டிருந்த தன் மகனின் நடை அது. சொந்த வீட்டுத் துயரத்தை இப்படி எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்குச் சற்று உறுத்தத்தான் செய்கிறது. அவரோ, தான் செய்ததில் மிகச் சிறந்தவற்றில் ஒன்றாக அதையே நினைத்தார்.

வேடம் திரும்பி வந்து ஆளைப் பிடித்த கதையும் உண்டு. 1954இல் வந்த 'ஃபாதர் பிரவுன்' படத்துக்காகப் பிரான்சில் பாதிரியார் அங்கியோடு தங்குமிடத்துக்கு நடந்து போகையில், இருட்டில் ஒரு சிறுவன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, கூடவே பேசிக்கொண்டே வந்தான். அங்கியைப் பார்த்த மாத்திரத்தில் அத்தனை நம்பிக்கை. அது கின்னஸை உலுக்கிவிட்டது. 1956இல் அவர் கத்தோலிக்கரானார்.

சறுக்கலும் இருக்கிறது. 1984இல் 'எ பாசேஜ் டு இந்தியா'வில் பேராசிரியர் காட்போலேயாக முகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தார். பிராமணரின் உடல்மொழி என்று நினைத்து ஏதோ செய்கிறார். நமக்குப் பார்க்கச் சங்கடம். தெருவில் பின்தொடர்ந்து போய்ப் படிக்காத நடை அப்படித்தான் அமையும்.

வயதான காலத்தில் ஹாம்ப்ஷயர் வீட்டில் அவர் எழுதிய நாட்குறிப்பு 1996இல் 'மை நேம் எஸ்கேப்ஸ் மீ' என்ற புத்தகமாக வந்தது. நாய்கள், பூசை, படித்த ஷேக்ஸ்பியர், லண்டனுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்த மதிய உணவு. நடிப்பு இலக்கணம் எதிர்பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்திருப்பார்கள். எனக்கு அதில்தான் ஸ்மைலி கிடைத்தார்: ஒரு பணியாள் தட்டை எப்படி வைத்தான் என்பதைக்கூட விடாமல் பார்க்கும் மனிதர், தன்னை மட்டும் யாரும் பார்க்காமல் இருந்தால் போதும் என்கிற கூச்சத்தோடு.

லெ காரேவுக்குத்தான் திண்டாட்டம். அவர் நாவலில் படைத்த ஸ்மைலி குள்ளம், குண்டு, கின்னஸ் இரண்டுமில்லை. ஆனாலும் தொடருக்குப் பிறகு அந்தப் பாத்திரத்தை எழுத உட்கார்ந்தால் கின்னஸின் குரல்தான் காதில் விழுகிறது, என் ஆளை அவர் எடுத்துக்கொண்டுவிட்டார் என்று லெ காரே குறைப்பட்டுக்கொண்டார்.