கையில் ஒரு தோலா வெள்ளி

வெள்ளி சேர்ப்பதற்கு வழியா இல்லை? கட்டியாக வாங்கலாம், குத்துவிளக்காக வாங்கலாம், இப்போதெல்லாம் கண்ணால் பார்க்காமலே கைபேசியில்கூட வாங்கிப் போட்டுவிடலாம். இத்தனையிலும் எனக்கு உசத்தி வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய்தான். அதற்கு ஈடாக இன்னொரு பண்டத்தை நான் பார்த்ததில்லை. வருஷக்கணக்காகச் சேர்த்து வருகிறேன். ஒவ்வொரு காசு கைக்கு வரும்போதும் முதல் காசு வந்த அன்றைக்கு இருந்த அதே சந்தோஷம்.

காரணம் சொல்கிறேன். 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி, தன் ஆட்சிப்பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் என்று சட்டம் போட்டது. எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. பன்னிரண்டு பங்கில் பதினோரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. ஆக ஒவ்வொரு ரூபாய்க்குள்ளும் 10.69 கிராம் சுத்த வெள்ளி. நாலாம் வில்லியம் போய் விக்டோரியா வந்தார், எட்வர்டு வந்தார், ஐந்தாம் ஜார்ஜ் வந்தார். கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்தது. தாது வருஷப் பஞ்சம் வந்தது, முதல் உலகப்போர் வந்தது. ரூபாயின் எடையிலும் மாற்றிலும் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. 1939 வரைக்கும், நூறு வருஷத்துக்கு மேலாக, அதே 11.66, அதே 91.7 சதவீதம். எனக்கு இதை நினைக்க நினைக்கப் பிரமிப்பாக இருக்கிறது.

சில்லறையிலும் அதே ஒழுங்குதான். அரை ரூபாய் 5.83 கிராம், கால் ரூபாய் 2.92, வெள்ளி இரண்டணா 1.46. எல்லாம் ஒரே மாற்று. அதனால் முழு ரூபாயும் சில்லறையும் கலந்து ஒரு குவியல் கிடைத்தாலும் பிரித்து எண்ண வேண்டாம். அப்படியே அள்ளித் தராசில் போட்டு, வந்த எடையை 0.917ஆல் பெருக்கினால் சுத்த வெள்ளியின் அளவு வந்துவிடும். வேறு எந்தப் பழைய வெள்ளிப் பாத்திரத்தில் இந்தக் கணக்கு நடக்கும்? சந்தனக் கிண்ணத்தில் எவ்வளவு பற்றாசு, குங்குமச்சிமிழில் எவ்வளவு செம்பு என்று செய்தவருக்குத்தான் தெரியும். ரூபாயில் ஒளிவுமறைவே கிடையாது.

இதனால்தான் நம் ஊர்ப் பத்தர்கள் ரூபாயையே எடைக்கல்லாக வைத்துக்கொண்டார்கள். நாட்டுமருந்துக் கடையில் ‘ரூபாய் எடை’ என்ற பேச்சு இன்னும் அற்றுப்போகவில்லை. மூன்று ரூபாய் எடை ஒரு பலம், எட்டுப் பலம் ஒரு சேர். பணமே படிக்கல்லாகவும் இருந்த காலம் அது.

நாணயம் சேகரிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுடைய உலகம் வேறு. வருஷம், அச்சுச்சாலைக் குறி, ராணியின் சட்டை வேலைப்பாடு, எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை வைப்பார்கள். 1911ஆம் ஆண்டு ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஜார்ஜின் மேலங்கியில் தொங்கும் ஆரத்தில் ஒரு குட்டி யானை பொறித்திருந்தார்கள். தும்பிக்கை குட்டையாகிப்போய் அது பன்றி மாதிரி தெரிந்தது. ஜனங்களிடம் எதிர்ப்புக் கிளம்பவே, அச்சைத் திருத்தி 1912இல் ஒழுங்கான யானையோடு வெளியிட்டார்கள். பன்றி ரூபாய்க்கு நண்பர்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள். நல்ல கதைதான், ரசிக்கிறேன். ஆனால் என் தராசுக்குப் பன்றியும் யானையும் ஒன்று, இரண்டும் 11.66. அரியது எது, தேய்ந்தது எது என்ற கவலையே இல்லாமல், கிடைத்த அத்தனை ரூபாயையும் ஒரே மாதிரி நேசிக்க முடிகிறது பாருங்கள், உலோகத்துக்காகச் சேர்ப்பவனுக்கு மட்டும் கிடைக்கும் சுகம் அது.

நான் ஒரு காசை எப்படிப் பார்த்து வாங்குகிறேன் என்று சொல்கிறேன். முதலில் சத்தம். நுனிவிரலில் காசை ஏந்தி, இன்னொரு காசால் விளிம்பில் மெல்லத் தட்டினால் ‘கிணிங்’ என்று கிளம்பி நீளமாக இழுக்கும். கலப்படக் காசு ‘டொக்’கென்று அடங்கிவிடும். அடுத்தது காந்தம், வெள்ளி ஒட்டாது. அதற்கப்புறம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. சின்ன மின்தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவேன். மெல்லிய நூலில் ரூபாயைக் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுசாகத் தொங்கவிடுவேன். நல்ல விக்டோரியா ரூபாய் என்றால் தராசு 1.13 காட்டும். விலகிய தண்ணீரின் எடை அது. ஆர்க்கிமிடீஸ் கண்டு சொன்ன அதே சங்கதி. 11.66ஐ 1.13ஆல் வகுத்தால் 10.3 வரும். அதுதான் இந்த மாற்று வெள்ளியின் அடர்த்தி. ஜெர்மன் சில்வரில் அடித்த போலி என்றால் 1.34 வாக்கில் நின்றுவிடும். ராணியின் முகத்தை எவனும் அச்சு எடுத்துவிடலாம், இந்த எண்ணை அச்சு எடுக்க முடியாது!

மதுரை தெற்காவணி மூல வீதிப் பக்கம் வயதான பத்தர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் ஒரு எட்வர்டு ரூபாயை நீட்டி, “அண்ணாச்சி, உரைச்சுப் பாருங்களேன்” என்றேன். மகுடமில்லாத அந்த ராஜா தலையைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். “தம்பி, ரூவாய உரைச்சா கல்லுக்குத்தான் சோதனை. இது ராசா முத்திரை போட்ட சரக்கு” என்றார். உரைகல்லை எடுக்கவே இல்லை. ஒரு உலோகத்துக்கு இதைவிடப் பெரிய நற்சான்று வேண்டுமா?

இந்த ரூபாயின் கதை முழுக்க வெள்ளி விலையின் கதைதான். 1893 வரை யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய் அச்சுச்சாலையில் கொடுத்து ரூபாயாக அடித்து வாங்கலாம். உலகச் சந்தையில் வெள்ளி விழுந்துகொண்டே போனதால் அந்தக் கதவை அரசு சாத்தியது. அதன்பின் பதினைந்து ரூபாய்க்கு ஒரு பவுன் என்று கட்டி நிறுத்தினார்கள். காசுக்குள் இருந்த வெள்ளியைவிட முக மதிப்பு பெரிதாயிற்று. பிறகு உலகப்போர் வந்து எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. வெள்ளி ஏறிற்று, ஜனங்கள் ரூபாயைச் செலவழிக்காமல் பதுக்கினார்கள், உருக்கினார்கள். 1917இல் உருக்குவதற்குத் தடை போட்டார்கள். அதே வருஷம் நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய் நோட்டு வந்தது. அதுவும் போதவில்லை. 1918இல் அமெரிக்கா தன் கஜானாவிலிருந்த சுமார் 26 கோடி வெள்ளி டாலர் காசுகளை உருக்கி, அந்த வெள்ளியை இந்தியாவின் ரூபாய்க்காக பிரிட்டனுக்கு விற்றது. 1918 என்று பொறித்த ஜார்ஜ் ரூபாயைப் பார்க்கும்போதெல்லாம், இதற்குள் ஒரு அமெரிக்க டாலர் கரைந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். உடம்பு சிலிர்க்கும்.

1940இல்தான் அந்த நீண்ட விரதம் முறிந்தது. இரண்டாம் உலகப்போர் நெருக்கடியில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்து, 40 சதவீதம் செம்பும் மிச்சத்துக்கு நிக்கலும் துத்தநாகமும் சேர்த்தார்கள். எடை அதே 11.66, உள்ளே வெள்ளி 5.83 கிராம்தான். இந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயைத் தண்ணீரில் தொங்கவிட்டால் 1.22 காட்டும். விளிம்பைப் பார்த்தாலும் தெரியும், நடுவில் ஒரு பள்ளம் ஓடும். பழைய முழு வெள்ளி ரூபாய்களை அரசே ஒவ்வொரு ராஜா ராணியாகச் செல்லாது என்று அறிவித்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. அப்போது கொடுக்காமல் அரிசிப்பானைக்குள் போட்டு வைத்த நம் பாட்டிமார்களின் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல! 1947இல் வந்த புலிக்காசில் வெள்ளியே இல்லை, முழு நிக்கல். காந்தத்தைக் காட்டினால் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும்.

சுதந்திர இந்தியாவும் வெள்ளிக்காசு அடித்திருக்கிறது. காந்தி நூற்றாண்டுக்கு வந்த பத்து ரூபாய் 15 கிராம், 80 சதவீதம் வெள்ளி. உள்ளே 12 கிராம். 1972இன் சுதந்திர வெள்ளிவிழாப் பத்து ரூபாய் 22.5 கிராம், பாதி வெள்ளி. இரண்டும் கிடைத்தால் விடமாட்டேன். எடையும் மாற்றும் மாறாத பழைய ரூபாயின் குணம் தங்கத்தில் பவுன் காசுக்கு உண்டு: 7.98 கிராம், 22 காரட். 1918இல் பம்பாயிலேயே ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்துக் குறியோடு அடித்தார்கள். காசுமாலையில் வளையம் பற்றவைத்த பவுனைச் சேகரிப்பாளர்கள் ஒதுக்குவார்கள். தங்கம் அங்கேயேதான் இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இன்றைக்குப் புழங்கும் நாணயத்தை உலோகத்துக்காக உருக்குவது 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம், ஏழாண்டு வரை சிறை உண்டு. மண்ணைத் தோண்டும்போது காசுப்பானை கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும்.

உங்கள் வீட்டு பீரோவிலும் சாமி அறையிலும் சுருக்குப்பையிலும் இந்த ரூபாய் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் விபூதியோ புளியோ போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க வெள்ளிதான் கரைகிறது. கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். துணியில் சுற்றி, கூடவே ஒரு கற்பூரக் கட்டியைப் போட்டு வையுங்கள். கொலுசுக்கு மாற்றுகிறேன் என்று கடைக்குக் கொண்டுபோனால் ‘பழைய வெள்ளி’ என்று ஒரே கழிவாகக் கழித்து விலை போடுவார்கள். 1939 வரைக்குமான ரூபாய், மாற்று 91.7 என்று சொல்லிக் கணக்குக் கேளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.