தையல் பார்க்கும் விரல்கள்

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடும்போது, துணிக் குவியலுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்களின் கைகளைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. கண்ணுக்கு முந்தி விரல் போய்விடுகிறது. சட்டையை ஓர் உதறு உதறி, உள்பக்கம் திருப்பி, அக்குள் தையலை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல இழுக்கிறார்கள். நூல் பல்லிளித்தால் சட்டை குவியலுக்கே திரும்பும். பிறகு காலர் மடிப்பு, காஜா ஓரம், பட்டன். பக்கத்தில் மகளும் ஒரு பாவாடையை உதறுகிறாள். "வெயில்ல புடிச்சுப் பாருடி, இழை தெரியும்." அவ்வளவுதான் பாடம்.

விலை கேட்கும்போது குரல் மாறிவிடும். ஆசை முகத்தில் தெரியக் கூடாது. ஆனால் மரியாதையும் குறையக் கூடாது. "இருநூறா? நூத்தி இருபது போட்டுக்குங்கண்ணே." எழுந்து இரண்டடி நடக்க வேண்டும், மெதுவாக, கூப்பிட்டால் காதில் விழும் தூரத்துக்கு. "சரி வாங்கம்மா, போணி நேரம்" என்று கடைக்காரர் இறங்கி வந்தபின் மேலும் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டாமல் பணத்தை நீட்டுவதில்தான் இந்தக் கலையின் அழகே இருக்கிறது என்பேன். மகள் இதற்குள் அடுத்த கடையில் கிளிப்பைத் திறந்து மூடி, ஸ்பிரிங் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "ரெண்டா எடுத்தா எவ்ளோண்ணே?"