வால் கட்டிய பட்டமும் வாலில்லாக் காத்தாடியும்

சூரியன் மகர ராசியில் பிரவேசிக்கும் தை முதல் நாளில், ஈழத்தின் வடகோடியிலுள்ள வல்வெட்டித்துறைக் கடற்கரையிலும், குஜராத்தில் அகமதாபாத் நகரத்து மொட்டை மாடிகளிலும், ஆகாயம் முழுவதும் பட்டங்களால் நிறைந்துவிடுகிறது. நம் சென்னையில் இதற்கென்று தனியாக ஒரு பண்டிகை கிடையாது. கோடை விடுமுறையோ ஆடிக் காற்றோ வந்தால் போதும், வண்ணாரப்பேட்டையிலிருந்து வியாசர்பாடி வரையில் காத்தாடி கிளம்பிவிடும். மூங்கிலும் காகிதமும் நூலும் எங்கும் ஒன்றுதான். ஆயினும், அவற்றைக் கொண்டு மனிதன் எதைச் சாதிக்க ஆசைப்படுகிறான் என்பதில் பாக் நீரிணையின் இரு கரைகளுக்கும் உள்ள வித்தியாசம் சாமானியமானதல்ல; எந்த ஊரில் எவ்விதமான ஆபத்து நேர்கிறது என்பதுகூட அந்த ஆசையைப் பொறுத்தே அமைகிறது என்பது என் அபிப்பிராயம்.

மாரி மழை ஓய்ந்து, வடகீழ்க் காற்று ஒரே நிதானமாக வீசத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில் பட்டம் கட்டும் காலம் ஆரம்பமாகிறது. கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், எட்டுமூலைப் பட்டம், பாம்புப் பட்டம், பெட்டிப் பட்டம் என்று அதன் ஜாதிகள் அநேகம். சிறுவன் ஒருவன் முற்றத்தில் உட்கார்ந்து முச்சை கட்டுவதைச் சற்றுப் பொறுமையுடன் கவனித்தால், இந்த வித்தையின் சூட்சுமம் முழுவதும் அந்த மூன்று நூல்களிலேயே அடங்கியிருப்பது தெரியவரும். மேலே இரண்டு, கீழே ஒன்றாகப் பட்டத்தின் உடலிலிருந்து வரும் அந்த நூல்களை ஒரே முடிச்சில் சேர்த்து, பட்டத்தைக் காற்றில் தொங்கவிட்டு, அது ஒரு பக்கம் சரிகிறதா என்று பார்க்கிறான். சரிந்தால் முடிச்சை அவிழ்த்து, ஓர் அங்குலத்துக்கும் குறைவாக நகர்த்தி, மறுபடியும் கட்டுகிறான். காற்று உரத்த நாளில் மேல் நூல்களைச் சிறிது குறுக்கினால், பட்டம் தலையைக் காற்றின் பக்கம் சாய்த்துக்கொண்டு, இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். மந்தமான நாளில் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். பிறகு வால் கட்டுகிறான். வாலின் நீளம் அழகுக்காக ஏற்பட்டதன்று. தலை சுழலாமல் பட்டம் நின்ற இடத்தில் நிற்பதற்காக ஏற்பட்டது.

அதன்மேல் விண் பூட்டுகிறார்களே, அது யாழ்ப்பாணத்தாருடைய சங்கீத ரசனைக்கு ஓர் அத்தாட்சி. வளைத்த சலாகையின் இரு முனைகளுக்கும் இடையே மெல்லிய நாடாவை விறைப்பாகப் பூட்டி, பட்டத்தின் தலைப்பக்கம் கட்டிவிட்டால், காற்றுப் பட்டு அது அதிர்ந்து கூவும். கயிற்றை ஒரு மரத்தில் கட்டிவிட்டுப் பிள்ளைகள் உறங்கப் போய்விட, பட்டம் இரவெல்லாம் வானத்தில் நின்று கூவிக்கொண்டிருக்கும். காற்றுத் தளர்ந்தால் கூவலும் தளருமாதலால், அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு மேலே பட்டத்தின் நிலைமை என்னவென்பது எழுந்து பார்க்காமலே தெரிந்துவிடும். அண்டை வீட்டாருடைய நித்திரை என்னவாகும் என்று கேட்பவர்கள் அந்த ஊரில் பிறந்தவர்களாக இருக்கமாட்டார்கள்.

வல்வெட்டித்துறையின் தைப்பொங்கல் போட்டியில் இவ்வித்தை அதன் உச்சத்தை எட்டுகிறது. கப்பலும் விமானமும் பறவையுமாக, ஆள் உயரத்துக்கு மேற்பட்ட முப்பரிமாணப் பட்டங்களை ஆகாயத்தில் ஏற்றிக் காட்டுகிறார்கள். கற்பனையும் கட்டுமானமும் பறக்கும் நேர்த்தியும் பரிசைத் தீர்மானிக்கின்றன. தங்கள் துறையிலேயே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை 1938ஆம் ஆண்டு அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரையில் செலுத்திச் சென்ற மாலுமிகளின் ஊர் அது. காற்றையும் கயிற்றையும் பரம்பரையாக அறிந்தவர்களுக்குப் பட்டம் கைவந்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஆனால் பட்டம் பெரிதானால் இழுப்பும் பெரிதாகும் என்ற நியாயத்திலிருந்து மாலுமியின் பேரனுக்கும் விலக்கு இல்லை. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து பெரும் பட்டமொன்றை ஏற்றியபோது, மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, விடாமல் பிடித்திருந்த வாலிபர் ஒருவர் கயிற்றோடு உயரே தூக்கிச் செல்லப்பட்டு, தெய்வாதீனமாக உயிர் தப்பினார். அந்தக் காட்சியை உலகமே கண்டு வியந்தது. வியப்பதற்குப் பதில், கயிற்றின் அடிமுனையை ஏன் ஒரு மரத்திலோ நட்ட கட்டையிலோ முதலிலேயே கட்டவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். இலங்கைப் பட்டத்தினால் வரும் அபாயம் பெரும்பாலும் அதை ஏற்றுகிறவனுக்கே வருவது. அவனுடைய ஜாக்கிரதையினால் தவிர்க்கக்கூடியது.

சென்னைக் காத்தாடியின் சுபாவமே வேறு. அதற்கு வால் கிடையாது. சதுரக் காகிதம், நடுவில் ஒரு குச்சி, வில்லாக வளைத்த மற்றொரு குச்சி, அவ்வளவுதான். முச்சை போன்ற சூத்திரத்தை அதற்குப் போடுவதும் நுட்பமான காரியமே; எனினும், யாழ்ப்பாணத்துச் சிறுவன் பட்டம் சுழலாதிருப்பதற்குப் படும் பாட்டை, நம் பையன் அது வேண்டும்போது சுழல்வதற்காகப் படுகிறான். நூலைத் தளர்த்தினால் காத்தாடி சுழலும். சுழலும்போது மூக்கு எந்தத் திசையை நோக்குகிறதோ அந்தக் கணத்தில் சுண்டி இழுத்தால், அந்தத் திசையில் அம்புபோல் பாயும். இந்தச் சாமர்த்தியம் முழுவதும் எதற்கென்றால், எதிரியின் நூலோடு நூலைக் கோத்து, டீல் போட்டு, அறுப்பதற்கு. ஜயித்தவன் யார் என்பதை நிர்ணயிப்பது நூலானபடியால், காத்தாடியில் செலவிட வேண்டிய புத்தியெல்லாம் நூலின்மேல் போய்விட்டது. வஜ்ஜிரம் காய்ச்சி, சாயம் கலந்து, கண்ணாடியை மாவாக இடித்துச் சேர்த்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே நூலை ஓட்டி மாஞ்சா போடும் அந்தத் தொழிலில் விரல் அறுபடாதவர்கள் சொற்பம். பருத்தி நூலாவது அழுத்தினால் அறுந்துபோகும். பிற்பாடு வந்த நைலான் நூல் அறுந்து கொடுப்பதும் இல்லை, மக்கிப் போவதும் இல்லை.

அறுபட்ட காத்தாடி எங்கேயோ போய் விழ, அதன் நூல் தெருவின் குறுக்கே கழுத்து உயரத்தில் தொங்குகிறது. 2019 நவம்பரில் வட சென்னையில், தந்தையின் மோட்டார் சைக்கிளில் முன்பக்கம் உட்கார்ந்து சென்ற மூன்று வயதுக் குழந்தையின் கழுத்தை அப்படிப்பட்ட நூல் ஒன்று அறுத்துவிட்டது. அந்தக் குழந்தைக்குக் காத்தாடிப் பந்தயத்தோடு என்ன சம்பந்தம்? விளையாட்டில் சேராதவன் உயிரைக் கொடுத்து, விளையாடுகிறவன் மாடியில் சுகமாக நிற்பது இந்தியப் பழக்கத்தின் பெரும் அநியாயம். அகமதாபாத்திலும் இதே கதைதான். அங்கே பறவைகளும் சேர்ந்து சாகின்றன, மாடியிலிருந்து மனிதர்களும் விழுகிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டம் பட்டத்தையும் ‘விமானம்’ என்ற சொல்லின் வரையறைக்குள் சேர்த்து, பிறருக்கு அபாயம் விளையும்படி வேண்டுமென்றே பறக்கவிடுவதைக் குற்றமாக்கியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் நைலான் முதலிய செயற்கை மாஞ்சாவை நாடு முழுவதும் தடை செய்தது. சென்னைப் போலீஸாரும் தடை உத்தரவைத் திரும்பத் திரும்பப் பிறப்பித்து, வீடு வீடாகச் சோதனை போட்டு, நூல் சுற்றும் உருளையான லொட்டாயோடு நூலைக் கைப்பற்றுகிறார்கள். அவர்களுடைய பிரயத்தனத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் அறுப்பதே வெற்றி என்ற விதி இருக்கும்வரை, அறுக்கும் நூலுக்குக் கிராக்கி இருந்தே தீரும். ஒரு நூலைத் தடுத்தால் அதைவிடக் கூர்மையான வேறொன்று பின்வாசல் வழியாக வரும். வல்வெட்டித்துறையில் யாரும் மாஞ்சாவைத் தேடிப் போகாததற்குக் காரணம் அவ்வூரார் நம்மைவிடத் தர்மிஷ்டர்கள் என்பதன்று. அவர்களுடைய பந்தயத்தில் அதற்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதுதான்.

ஆகையால் மாற்ற வேண்டியது பந்தயத்தின் விதியை. மாமல்லபுரம் வட்டாரத்தில் 2022ஆம் ஆண்டு முதல் சர்வதேசப் பட்டத் திருவிழா நடக்கிறது. பல தேசத்தார் கொண்டுவரும் பிரம்மாண்டமான துணிப் பட்டங்களை ஜனங்கள் பணம் கொடுத்து வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதை நடத்துகிறவர்கள், வல்வெட்டித்துறையிலிருந்து கைதேர்ந்தவர்கள் நால்வரை வரவழைத்து, வட சென்னைப் பையன்களுக்கு முச்சை கட்டவும் விண் பூட்டவும் கற்பிக்கச் செய்து, மாஞ்சா பூசாத பருத்தி நூலில் அதிக நேரம் நிற்கும் பட்டத்துக்கும், நன்றாகக் கூவும் பட்டத்துக்கும் தாராளமாகப் பரிசு வைக்கட்டும்.