நிரற்பெயரும் வேற்றுமை உருபும்

உருபேற்கும் பெயர் திரிந்து நிற்றல் தமிழின் இயல்பு. 'மரம்' என்பது 'மரத்தின்' ஆகின்றது. 'வீடு' என்பது 'வீட்டின்' ஆகின்றது. பிற இடங்களில் ஓசைநயம் சேர்க்கும் இவ்வியல்பு, கணினி நிரலை விளக்கும் உரைநடையில் இடர் விளைக்கின்றது. எழுதுவோர் பலரும் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

கணினிக்குப் பெயர் என்பது மாறாத எழுத்துக்கோவை. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியில் தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதலாம். அதில் ஒரு மாறிக்கு 'மரம்' எனப் பெயரிட்டு, விளக்கவுரையில் 'மரத்தின் மதிப்பு 5' என்றெழுதினால், மாணவன் நிரலில் 'மரத்து' என்பதைத் தேடித் திகைப்பான். பன்மையின் இடர் இதனினும் பெரிது. ஒரே நிரலில் 'எண்' ஒரு மாறியாகவும் 'எண்கள்' ஒரு பட்டியலாகவும் இருக்கலாம். கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். அந்நிலையில் 'எண்கள் மாறும்' என்னும் விளக்கம் எதனைச் சுட்டும்?

சிலர் 'மரம்-இன்' என இடைக்கோடு இடுகின்றனர். அது நாவுக்கு ஒவ்வாது. நிரலிலோ அக்கோடு கழித்தல் குறி.

தீர்வு நம் இலக்கணத்திலேயே உள்ளது. நிரற்பெயரைத் திரிக்காமல் நிறுத்தி, 'என்னும்' என்பதால் ஒரு பொதுப்பெயரோடு இணைத்து, உருபை அப்பொதுப்பெயருக்கே தருதல் வேண்டும்: "'மரம்' என்னும் மாறியின் மதிப்பு". 'கள்' விகுதிக்கும் இதுவே நெறி. எண்ணடை வருமிடத்தில் அவ்விகுதியும் வேண்டுவதில்லை. அஃறிணைப் பெயர் 'கள்' ஏலாமலும் பன்மை உணர்த்தும் என்பது தொல்காப்பியர் காட்டிய நெறி. 'ஐந்து கி.மீ.' என்போமேயன்றி, 'ஐந்து கி.மீ.கள்' என்போமா?

சொல் மிகும் என்பர். மிகினும் பயனுண்டு. சுட்டப்படுவது மாறியா, பட்டியலா, நிரல்பாகமா என்பதை அவ்வொரு சொல்லே உணர்த்திவிடும்.

2003ஆம் ஆண்டு முதல் நம் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அக்கொள்கை கைவிடப்படும் என 2009ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பின்னரே, அவை படிப்படியாகத் தமிழுக்கு மீண்டன. மீண்ட உரிமையைத் தெளிந்த உரைநடையே காக்கும். கெடாவின் தோட்டப்புறப் பள்ளியில் நிரல் பயிலும் சிறுவன் நம் விளக்கத்தால் குழம்பினால், எழுதியவரைக் குறை கூறமாட்டான். தமிழையே குறை கூறுவான். அப்பழி நம்மால் தமிழுக்கு வரலாகாது.